துருவும் அலகும்

பழம்பொருள்களைத் துப்புரவு செய்யும்போது தகரப்பெட்டியின் அடியிலோ பரணின் மூலையிலோ விரல் நீளமுள்ள ஒரு துருக்கட்டி அகப்படுவதுண்டு. ஒருபுறம் எலும்புப் பிடியின் மங்கிய மஞ்சள் தெரியும். மறுபுறம் செம்பழுப்பாய்ப் பொருக்குத் தட்டியிருக்கும். விரித்துப் பார்த்தால் விரியாது. பலர் அதனைப் பழைய இரும்புக்கடையில் போட்டுவிடுகின்றனர். ஆர்வமுள்ள சிலர் மின்சாணையில் பிடித்து அரைமணி நேரத்தில் பளபளக்கச் செய்துவிடுகின்றனர். இவ்விரண்டில் எது பெரிய இழப்பு என்று கேட்டால் விடைகூறுதல் எளிதன்று. முதல் வழியில் கத்தி போகிறது. இரண்டாம் வழியில் கத்தியின் உருவம் எஞ்சுகிறது. அதன் வெட்டுந்திறனும் செய்தவரின் முத்திரையும் போய்விடுகின்றன.

துருவை நீக்கி, மூட்டை இயங்கச் செய்து, வாயைத் தீட்டி, அதேவேளையில் பழைய கத்தியைப் பழைய கத்தியாகவே இருக்கவிடும் வழியும் ஒன்று உண்டு. அதற்குக் கருவிகள் மிகுதியாக வேண்டா. பொறுமையே மிகுதியாக வேண்டும். பழங்கத்திகள் பலவகை. ஆதலால் ஒருவகையை மட்டும் இங்கு எடுத்துக்கொள்வோம். அது இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்யப்பெற்ற, எலும்புப் பிடியும் பித்தளை உட்தகடும் கரி மிகுந்த எஃகு அலகும் உடைய மடக்குக் கத்தி. அக்காலத்தில் நம் நாட்டுச் சந்தைக்கும் வந்த வகை இது.

பெயரும் பிறப்பும்

அலகைப் பிடிக்குள் மடக்கி வைக்கலாம் என்பதால் மடக்குக் கத்தி. பிடியின் முதுகில் வில்போல் அழுத்தும் தகடு இருப்பதால் வில்லுக்கத்தி. இறகு எழுதுகோலைச் சீவப் பயன்பட்டதால் பேனாக்கத்தி. ஒரே பொருளுக்கு இத்தனை பெயர்கள். 'பேனா' என்னும் சொல்லுக்கு மூலமாகிய சொல்லும் இறகையே குறிக்கும். வாத்திறகின் அடித்தண்டு எழுத எழுத மழுங்கும். அதனை அடிக்கடி சீவிக் கூராக்கச் சிறு கத்தியொன்று எழுதுபவர் கையருகே இருந்தாக வேண்டும். எழுத்தும் கத்தியும் இவ்வாறு உறவாயின.

இவ்வுறவு தமிழர்க்குப் புதிதன்று. ஓலையில் எழுதப் பயன்பட்ட எழுத்தாணிகளைக் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி எனப் பிரித்துரைப்பர். வாரெழுத்தாணியின் ஒரு முனை எழுதுவதற்கு. மறுமுனையில் ஓலையின் ஓரத்தை வாரிச் செப்பம் செய்வதற்கான சிறு கத்தி அமைந்திருக்கும். மடக்கெழுத்தாணியோ பிடிக்குள் மடங்கிவிடும். கூர்மையான ஒன்றை ஆடையிலும் உடலிலும் படாமல் உடன் கொண்டுசெல்ல வேண்டும் என்னும் தேவைக்கு ஐரோப்பியக் கொல்லரும் தமிழகத்துக் கொல்லரும் கண்ட தீர்வு ஒன்றே.

மடக்குக் கத்தி மிகப் பழையது. ஆஸ்திரியாவில் உள்ள ஹால்ஸ்டாட் என்னுமிடத்தில் எலும்புப் பிடியோடு கிடைத்த கத்தி ஏறத்தாழப் பொ.ஆ.மு. 6ஆம் நூற்றாண்டினது. உரோமரும் இவ்வகைக் கத்திகளைப் பயன்படுத்தினர். முதுகில் வில்தகடு பொருத்தும் முறை 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பரவியது. கத்தித் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஷெஃபீல்டில் கத்தி செய்வோரின் சங்கம் 1624ஆம் ஆண்டிலேயே சட்டப்படி அமைந்துவிட்டது.

இங்கே சிறிது விலகிச் சென்று ஒரு செய்தியைக் கூறுதல் தகும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவிலிருந்து எஃகுக் கட்டிகள் சில இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. ஆங்கிலேயர் அதனை 'ஊட்ஸ்' என்றனர். உருக்கு, உக்கு என வழங்கும் தென்னிந்தியச் சொல்லின் திரிபே அது என்பர். ஜார்ஜ் பியர்சன் என்னும் அறிஞர் அவ்வெஃகை ஆராய்ந்து 1795ஆம் ஆண்டில் இலண்டன் ராயல் கழகத்தின் இதழில் கட்டுரை வெளியிட்டார். அதன்பொருட்டு அவ்வெஃகை அடித்துப் பார்த்தவர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்னும் கத்தித் தொழிலாளர். அவர் அதில் செய்தது ஒரு பேனாக்கத்தி. பின்னர் அவரே மைக்கேல் ஃபாரடேயுடன் சேர்ந்து எஃகு ஆய்வில் ஈடுபட்டார். தென்னிந்திய எஃகின் தரத்தை ஐரோப்பிய அறிவியல் உலகம் சோதித்தறிந்த கருவிகளுள் சட்டைப்பைக்குள் அடங்கும் இச்சிறு கத்தியும் ஒன்று.

1913ஆம் ஆண்டில் அதே ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகை உருவாக்கினார். எஃகுடன் குரோமியம் சேர்ந்தால் மேற்பரப்பில் கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய படலம் உண்டாகித் துருவைத் தடுக்கிறது. தொடக்கத்தில் கத்திக்காரர்கள் இதனை வரவேற்கவில்லை. வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என அவரை எள்ளினர். இன்று கடைகளில் கிடைப்பவற்றுள் பெரும்பாலானவை அவர் வழிவந்தவையே. எனினும் அதற்கு முன்னும், அதன்பின் சில காலமும் செய்யப்பெற்ற மடக்குக் கத்திகளின் அலகு கரியெஃகு. துருவேறுவது அதன் இயல்பு. எளிதில் கூரேறுவதும் அதன் இயல்பே.

ஒரு சிறு பொறி

செப்பம் செய்யுமுன் கத்தியின் அமைப்பை அறிதல் வேண்டும். அலகின் வெட்டும் விளிம்பை வாய் என்றும், எதிர்ப்புறத்தை முதுகு என்றும் கூறுவோம். முதுகை ஒட்டிப் பிறைவடிவில் ஒரு பள்ளம் இருக்கும். நகத்தை நுழைத்து அலகை இழுப்பதற்கான நகக்குழி அது. அலகின் அடிப்பகுதி, பிடியின் தலைப்பில் உள்ள தறையாணியைச் சுற்றிச் சுழல்கிறது. பிடி என்பது ஒரே துண்டன்று; வெளியே இரண்டு எலும்புச் சில்லுகள், அவற்றுக்கு உள்ளே இரண்டு பித்தளைத் தகடுகள், நடுவே முதுகுப்புறத்தில் வில்தகடு என அடுக்கடுக்காக அமைந்து தறையாணிகளால் இறுக்கப்பட்டது.

அலகின் அடிப்பகுதி ஏறத்தாழச் சதுரமானது. அலகு முழுதும் விரிந்தபோதும் முழுதும் மடங்கியபோதும் வில்தகடு அச்சதுரத்தின் தட்டையான பக்கத்தில் அமர்ந்து அலகை நிறுத்திவைக்கிறது. இடையில் சதுரத்தின் மூலை வில்லை மேலே தள்ளுகிறது; மூலை கடந்ததும் வில் 'டக்' என்று அமர்கிறது. நல்ல கத்தியை இவ்வோசையைக் கொண்டே அறிந்துகொள்வர். இதில் பூட்டு என்று தனியாக எதுவும் இல்லை. வில்லின் அழுத்தம் ஒன்றே காவல். ஆகவே முனையால் குத்தும் வேலைக்கு இக்கத்தி பயன்படாது. குத்தினால் அலகு மடங்கி விரலின்மேல் விழும்.

துரு என்ன செய்கிறது?

ஈழத்தமிழர் கறள் என்று வழங்கும் துரு, இரும்பு காற்றிலுள்ள ஆக்சிஜனோடும் நீரோடும் சேர்ந்து உண்டாவது. உப்பு கலந்தால் இம்மாற்றம் விரைவுபெறும். கடற்கரை ஊர்களில் கத்தியும் அரிவாள்மணையும் விரைந்து பாழாவதற்கும், வியர்த்த கையால் தொட்ட எஃகில் மறுநாள் கைரேகை வடிவிலேயே துரு பூத்திருப்பதற்கும் காரணம் இதுவே.

துரு, தான் உண்ட இரும்பைக் காட்டிலும் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். கத்தி விரியாமைக்குக் காரணம் இதில்தான் உள்ளது. அலகின் அடிக்கும் உட்தகட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு தாளின் கனம்கூட இராது. அங்கே துரு வீங்கினால் ஆப்பு அறைந்தாற்போல் மூட்டு இறுகிவிடுகிறது. பிடியின் எலும்புச் சில்லு சில கத்திகளில் நீளவாக்கில் பிளந்திருக்கக் காண்கிறோம். வெளியிலிருந்து அடிபட்டுப் பிளந்ததாக நமக்குத் தோன்றும். பலமுறை அது உள்ளேயிருந்து துரு தள்ளியதால் நேர்ந்தது.

இரும்பின்மேல் படியும் படலம் எல்லாம் பகையன்று. செந்துரு நுண்துளைகள் மிக்கது; ஈரத்தை உறிஞ்சி உள்ளே விடுவதால் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். நெடுங்காலம் பழமும் காயும் அரிந்த கரியெஃகு அலகில் சாம்பல் கலந்த கருநீல நிறம் ஏறியிருக்கும். அது இறுக்கமாகப் படிந்து, அடியிலுள்ள எஃகை ஓரளவு காக்கும். தில்லியில் மெஹ்ரௌலியில் நிற்கும் இரும்புத்தூண் ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளாகக் கரைந்து போகாமல் இருப்பதும் அதன்மேல் படிந்துள்ள காப்புப் படலத்தாலேயே. அவ்விரும்பில் மிகுந்துள்ள பாஸ்பரஸ் அப்படலம் உண்டாக உதவியது என ஆய்வாளர் விளக்கியுள்ளனர். எனவே நாம் நீக்க வேண்டியது செந்துருவை. கருமையைத் தொட வேண்டா.

மூட்டை இளக்குதல்

துருவேறிய கத்தி கைக்கு வந்ததும் நகக்குழியில் நகத்தையோ திருப்புளியையோ கொடுத்து நெம்பத் தோன்றும். தோன்றினாலும் செய்யலாகாது. இறுகிய மூட்டைவிட அலகு மெல்லியது; நெம்பினால் நகக்குழி உள்ள இடத்தில் அலகு முறியும். இடுக்கியால் பிடித்து இழுத்தால் அதன் பற்கள் அலகில் அழியாத வடுவை ஏற்படுத்தும்.

செய்ய வேண்டியது காத்திருத்தல். மூட்டின் இருபுறமும் வில்தகட்டின் இடுக்கிலும் மண்ணெண்ணெயும் தையல் இயந்திர எண்ணெயும் கலந்து சொட்டுச் சொட்டாக விட்டு, கத்தியைத் தலைகீழாக நிறுத்தி ஒருநாள் விட்டுவிட வேண்டும். எண்ணெய் நுண்புழை ஏற்றத்தால் கண்ணுக்குத் தெரியாத இடுக்குகளிலும் ஊடுருவும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது எவ்வாறோ அவ்வாறே இதுவும். மறுநாள் அலகின் முதுகைத் தடித்த துணியால் பற்றி மெல்ல அசைத்தல் வேண்டும். ஒரு நூலளவு அசைந்தால் போதும். அசைந்த அளவே திரும்பவும் மடக்கி, மீண்டும் எண்ணெய் விட்டு, மீண்டும் அசைக்க வேண்டும். செங்குழம்பாய்த் துரு வெளியே கசியும். அதனைத் துடைத்துவிட்டுத் தொடரலாம். சில கத்திகள் ஒருநாளில் இளகும். சிலவற்றுக்கு ஒரு வாரமும் ஆகும். மண்ணெண்ணெய் எளிதில் தீப்பற்றுவது என்பதால் இவ்வேலையை அடுப்படியில் செய்தல் கூடாது. பெரியவர் ஒருவர் உடனிருப்பதும் நன்று.

தறையாணிகளை அறுத்துக் கத்தியைப் பிரித்தால் வேலை எளிதாகுமே என்று கேட்கலாம். தறையாணி திருகாணி போன்றதன்று. அதன் தலையை அடித்து விரித்துப் பொருத்தியிருப்பர். ஒருமுறை அறுத்தால் புதிய ஆணியைச் செய்து, எலும்பு வெடிக்காதபடி அடித்து இறுக்க வேண்டும். தேர்ந்த தொழிலாளிக்கும் அது சோதனையே. இயன்றவரை பிரிக்காமல் செய்வதே நன்று என்பது என் கருத்து.

துருவைப் பெயர்த்தல்

அலகு விரிந்ததும் முதலில் வாயின்மேல் தடித்த ஒட்டுநாடாவை ஒட்டிவிட வேண்டும். துருவேறிய வாய் மழுங்கியதுபோல் தோன்றினும் அரம்போல் கிழிக்கும். தீட்டுதலைக் கடைசியில் வைத்துக்கொள்வதும் இக்காரணம் பற்றியே. மழுங்கிய கத்தியைத் தேய்ப்பது பாதுகாப்பானது.

தடித்த பொருக்கை, எண்ணெய் தடவிப் பித்தளைத் துண்டு ஒன்றின் விளிம்பால் சுரண்டலாம். பித்தளை எஃகைவிட மென்மையானது. ஆதலால் உதிரும் துருவைப் பெயர்க்குமேயன்றி அடியிலுள்ள எஃகைக் கீறாது. எஞ்சியதை மென்மையான உப்புத்தாள் கொண்டு எண்ணெயுடன் தேய்க்க வேண்டும். 600ஆம் எண்ணுள்ள தாளில் தொடங்கி 1000ஆம் எண்ணில் முடித்தால் பெரும்பாலும் போதும். எண் கூடக்கூடத் தாள் மென்மையாகும். தேய்ப்பது எப்போதும் அலகின் நீளவாக்கில், ஒரே திசையில் அமைய வேண்டும். குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்தால் விழும் கீறல்கள் பின்னர் ஈரம் தங்கும் இடங்களாகிவிடும்.

துரு நீங்கிய இடத்தில் அம்மைத் தழும்புபோல் பள்ளங்கள் தெரியும். இங்கேதான் செய்பவரின் மனம் சோதிக்கப்படுகிறது. பள்ளம் என்பது இரும்பு போய்விட்ட இடம். அங்கே நிரப்புவதற்கு ஒன்றுமில்லை. பள்ளம் மறைய வேண்டுமானால் சுற்றியுள்ள நல்ல எஃகு முழுவதையும் அப்பள்ளத்தின் ஆழத்துக்குத் தேய்த்துக் கழிக்க வேண்டும். அலகின் அடியில் செய்தவரின் பெயரும் ஊரும் முத்திரையாகப் பதிந்திருக்கும். அதன் ஆழமும் மிகச் சிறிதே. பள்ளத்தைத் தேடிச் சென்றவர் முத்திரையை இழப்பர். அப்பெயரைக் கொண்டே கத்தி எந்த ஊரில், ஏறத்தாழ எக்காலத்தில் செய்யப்பட்டது என அறிய முடியும். அது போனபின் கத்திக்குப் பிறப்புச் சான்று இல்லை.

அதுபோலவே அலகின் வடிவமும் பேசும். ஐம்பது ஆண்டு தீட்டப்பட்ட அலகு நடுவில் ஒடுங்கியிருக்கும். முனைப்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் உடையவர் நுனியால் சீவும் வேலையை மிகுதியாகச் செய்தார் எனலாம். ஒருபக்கமே சாய்வு மிகுந்திருந்தால் ஒரே கையால், ஒரே வாட்டத்தில் தீட்டினார் எனலாம். பாட்டனார் நமக்கு எழுதிவைக்காத செய்திகள் இவை. புதியதுபோல் ஆக்கவேண்டும் என்னும் ஆசையில் அலகைத் திருத்தி வடிவமைத்தால் அவை அழிந்துவிடும். தேய்த்து எடுத்த எஃகை எவராலும் திரும்ப ஒட்டவைக்க முடியாது.

புளியும் கடுக்காயும்

தேய்ப்பதற்குச் சோம்பி, கத்தியை வினிகரிலோ புளிக்கரைசலிலோ எலுமிச்சைச் சாற்றிலோ இரவு முழுதும் ஊறவைப்போர் உளர். அமிலம் துருவைக் கரைக்கும் என்பது உண்மை. வினிகரில் அசெட்டிக் அமிலமும் புளியில் டார்டாரிக் அமிலமும் எலுமிச்சையில் சிட்ரிக் அமிலமும் உள்ளன. ஆனால் துருவோடு அவை நின்றுவிடுவதில்லை. துரு தீர்ந்தபின் எஃகையும் அரித்து, மேற்பரப்பைச் சொரசொரப்பான சாம்பல் நிறமாக்கும். பிடியின் எலும்பு பெரும்பகுதி கால்சியம் பாஸ்பேட்டால் ஆனது. அமிலம் அதனையும் கரைத்து மென்மையாக்கிவிடும். மேலும், அமிலம் இரும்போடு வினைபுரியும்போது வெளிப்படும் ஹைட்ரஜன், கடினப்படுத்திய எஃகினுள் புகுந்து அதனை நொறுங்குந்தன்மை உடையதாக்கும். வில்தகடு எப்போதும் இழுவிசையில் இருப்பது. அலகு அழகாக வெளிவந்து, நான்காம் நாள் வில் முறிந்த கதை இவ்வாறே நேர்கிறது.

பிடியைத் தொடாமல், அலகை மட்டும் வினிகர் நனைத்த துணியால் சுற்றி ஒருமணி நேரம் வைத்து, பின் சமையல் சோடா கரைத்த நீரால் அமிலத்தை நடுநிலையாக்கி, உடனே துடைத்து உலர்த்துவது ஏற்கத்தக்கது. அதற்கு மேல் வேண்டா.

கடுக்காயின் வழி வேறு. அதிலுள்ள டானின் இரும்போடு சேர்ந்தால் கருநீல நிறமுள்ள, நீரில் கரையாத சேர்மம் உண்டாகும். நம்மவர் கடுக்காயிலிருந்து மை செய்ததும், கலம்காரித் துணிக்குரிய கறுப்பை இரும்புத்துண்டும் வெல்லமும் ஊறிய நீரைக் கடுக்காய்ச் சாயம் ஏற்றிய துணியில் தீட்டிப் பெறுவதும் இவ்வினையைக் கொண்டே. அருங்காட்சியகங்களில் பழைய இரும்புப் பொருள்களைக் காப்போரும் டானிக் அமிலத்தைப் பயன்படுத்துகின்றனர். தளர்ந்த துருவை நீக்கியபின் பள்ளங்களில் எஞ்சி நிற்கும் துருவை இக்கரைசல் கறுப்பாக மாற்றி அடங்கச் செய்யும். பள்ளம் பள்ளமாகவே இருக்கும். அதன் சிவப்பு மட்டும் போய்விடும். தேய்த்துக் கழிப்பதைவிட இது மேலானது என்பேன்.

வாய்க்குக் கூர் ஏற்றுதல்

இனித் தீட்டுதல். மின்சாணையை ஏன் விலக்க வேண்டும் என்பதை இங்கே விளக்கிவிடலாம். எஃகைச் செஞ்சூடாக்கி விரைந்து குளிர்வித்தால் கண்ணாடிபோல் கடினமாகவும் நொறுங்குவதாகவும் ஆகும். பின்னர் அளவாகச் சூடேற்றினால் நொறுங்குந்தன்மை குறைந்து கடினம் ஓரளவு நிலைக்கும். இதனைப் பதப்படுத்துதல் என்பர். அளவான சூட்டைக் கொல்லர் நிறத்தால் அறிந்தனர். தேய்த்து வெளுப்பாக்கிய எஃகு ஏறத்தாழ 230 டிகிரி செல்சியசில் வைக்கோல் மஞ்சளாகும்; மேலும் சூடேறப் பழுப்பாகி, ஊதாவாகி, 300 டிகிரியை ஒட்டி நீலமாகும். கத்தி அலகு மஞ்சளுக்கும் பழுப்புக்கும் இடையில் நிற்க வேண்டும். நீலம் வில்லுக்குரிய பதம். சுழலும் சாணையில் பிடித்தால் தாளினும் மெல்லிய வாய் ஓரிரு நொடியில் நீலமாகிவிடும். நீலம் பாய்ந்த இடம் கூரை ஏற்கும், தாங்காது. அதனை மீட்க அலகை மீண்டும் செஞ்சூடாக்க வேண்டும். எலும்புப் பிடியுடன் அது இயலாது. நூறாண்டுக்கு முன் ஒரு கொல்லர் கண்ணால் பார்த்து நிறுத்திய பதம் ஓரிரு நொடியில் போய்விடுகிறது.

தெருவில் மிதிசாணையோடு வரும் சாணைக்காரர்கள் இதனை நன்கறிந்தவர்கள். தேர்ந்தவர் அலகைச் சக்கரத்தில் தொட்டுத் தொட்டு எடுப்பார். இடையிடையே நீரில் நனைப்பார். அவர்களது குரல் அரிதாகிவிட்ட இந்நாளில் கைக்கல்லே நமக்கு ஏற்றது.

தீட்டுக்கல்லை ஈரத்துணியின்மேல் அசையாதபடி வைத்து நீரால் நனைத்துக்கொள்ள வேண்டும். அலகைக் கல்லின்மேல் செங்குத்தாக நிறுத்தினால் 90 பாகை. பாதி சாய்த்தால் 45. அதிலும் பாதி சாய்த்தால் 22 பாகைக்குச் சற்று மிகுதி. சிறு கத்திக்கு இச்சாய்வு போதும். சாய்வு எத்தனை பாகை என்பதைவிட, தொடக்கமுதல் இறுதிவரை மாறாதிருப்பதே இன்றியமையாதது. கல்லின் மேற்படலத்தைச் சீவுவதுபோல் வாய் முன்னோக்க அலகைத் தள்ள வேண்டும். சிறிது நேரத்தில் மறுபக்கத்து விளிம்பில் மெல்லிய பிசிறு எழும். விரல் நுனியை வாய்க்குக் குறுக்காக, வெளிநோக்கி நகர்த்தினால் அது தட்டுப்படும். வாயின் நீளவாக்கில் விரலை ஓட்டுதல் ஒருபோதும் கூடாது. பிசிறு முனைமுதல் அடிவரை இடைவிடாமல் எழுந்த பின்னரே அலகைத் திருப்ப வேண்டும். பலருடைய கத்தி கூரேறாமைக்குக் காரணம், பிசிறு எழுமுன்பே பக்கம் மாற்றுவதுதான். இறுதியில் நாவிதர் சவரக்கத்தியைத் தோல்வாரில் தீட்டுவதுபோல், வாய் பின்னோக்கியிருக்க அலகைத் தோலில் இழுத்தால் பிசிறு உதிரும். தொங்கவிட்ட செய்தித்தாளின் ஓரத்தை அலகு கிழிக்காமல் அரிந்து சென்றால் வேலை முடிந்தது.

தீட்டியபின் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பன்முறை தீட்டிய பழங்கத்தியை மடக்கும்போது முனை பிடிக்கு மேலே சற்று நீட்டிக்கொண்டு நிற்பதுண்டு. சட்டைப்பையில் கையிட்டால் குத்தும். அலகின் அடியில், வாய் தொடங்குமிடத்துக்கு அருகே ஒரு சிறு புடைப்பு உண்டு. மடங்கிய அலகு வில்தகட்டின்மீது தங்குவது அப்புடைப்பினாலேயே. அதனை அரத்தால் இரண்டு மூன்று முறை தேய்த்தால் அலகு இன்னும் உள்ளே இறங்கும், முனை மறையும். ஐந்தாறு முறை தேய்த்துவிட்டாலோ வாய் வில்தகட்டில் மோதி, ஒவ்வொரு முறை மடக்கும்போதும் மழுங்கும். தேய்த்தபின் ஒவ்வொரு முறையும் மடக்கிப் பார்த்தே அடுத்த முறை தேய்க்க வேண்டும்.

பிடியும் காப்பும்

பிடியில் செய்வதற்கு அதிகமில்லை. எலும்பை நீரில் ஊறவிடாமல் ஈரத்துணியால் துடைத்தால் போதும். மஞ்சள் நிறம் அழுக்கன்று. வெளுக்க முயல வேண்டா. மரப்பிடியானால் ஆளிவிதை எண்ணெய் மெல்லியதாகப் பூசலாம். பூசிய துணியைச் சுருட்டி மூலையில் எறிதல் மட்டும் கூடாது. அவ்வெண்ணெய் காயும்போது வெப்பம் வெளிப்படும். சுருட்டிய துணிக்குள் அது தேங்கித் தானே தீப்பற்றியதுண்டு. விரித்துப் போட்டே உலர்த்த வேண்டும். பித்தளையில் பச்சையாகப் படிந்திருக்கும் களிம்பைக் குச்சியால் சுரண்டலாம். பாத்திரம் துலக்குவதுபோல் இங்கும் புளியிட்டுத் துலக்கினால் புளி இடுக்கில் தங்கி எஃகை அரிக்கும்.

மூட்டுக்குத் தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு. அலகுக்கு எந்த எண்ணெய் என்பது உணவுக்குப் பயன்படுமா என்பதைப் பொறுத்தது. சப்பானியர் தம் கத்திகளுக்குக் காமெலியா விதை எண்ணெயைப் பூசுவர். நமக்குத் தேங்காய் எண்ணெய் உண்டு. பிற தாவர எண்ணெய்களைப்போல் அது விரைவில் பிசினாக இறுகாது. மலையூர்களின் குளிரில் உறைந்து போகும் என்பதே அதன் குறை. மூட்டில் விட்டால் காலையில் அலகு சோம்பி விரியும்.

தோலுறை அழகாயிருக்கும், ஆனால் தோல் ஈரத்தைத் தாங்கி வைத்திருப்பதோடு, பதனிடும்போது சேர்ந்த பொருள்களால் பித்தளையில் களிம்பேற்றும், எஃகில் துருவேற்றும். எடுத்துச் செல்லும்போது மட்டும் தோலுறை. வைக்கும்போது எண்ணெய் தோய்ந்த பருத்தித் துணியும் உலர்ந்த பெட்டியும் போதும். பள்ளிக்கு எடுத்துச் செல்லும் பொருளன்று இது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசி மழை தொடங்குமுன் ஒருமுறை எண்ணெயிட்டு வைத்து, கார்த்திகை கழிந்ததும் எடுத்து விரித்துப் பாருங்கள். நகக்குழியின் அடியிலும் மூட்டின் இடுக்கிலும் செம்பொடி தெரிகிறதா என உற்று நோக்குங்கள். துரு திரும்புவதானால் பெரும்பாலும் அவ்விரண்டு இடங்களில்தான் முதலில் தலைகாட்டும்.